பாகூர்ப் பக்கம் கோடைக் கண்காட்சி: குதிரை செய்தவர் பெயர் எங்கே?

தூரிகை
மே 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். கடலூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன். பாகூருக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு கிராமத்தில் பழைய நெல் மில் ஒன்றைச் சுத்தம் செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கலைக்கூடமாக ஆக்கியிருக்கிறார்கள். கோடைக்குக் கோடை ஒரு கண்காட்சி நடக்கும். இந்த வருடம் மரபுக் கலையும் இன்றைய ஓவியர்களின் வேலையும் ஒரே கூரையின் கீழ். அக்னி நட்சத்திரம் என்பதால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள், 8 வரை இருக்கும்.

அவசியம் போய்ப் பாருங்கள். நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு பலாமரச் சிற்பம் நிற்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்த மரத்தின் அடிக்கட்டை. செய்தவர் அதை அதிகம் செதுக்கவில்லை. வேர் பிடுங்கிக்கொண்ட பக்கத்தைக் கிழிந்த மாதிரியே விட்டுவிட்டு, மேல் பக்கத்தை மட்டும் இழைத்து, மரத்தின் மஞ்சள் வைரக் கட்டையைக் காட்டியிருக்கிறார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன் முன்னால் பேசாமல் ரொம்ப நேரம் நின்றது. பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் போனதைப் பார்த்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வலது பக்கம் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள், பண்ருட்டி கொலு பொம்மைகள், ஒரு தெருக்கூத்துக் கிரீடம், இரண்டு தஞ்சாவூர் ஓவியம். நடுக்கூடத்தில் ஒரு சுடுமண் குதிரை. என் மார்பு உயரம் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் கட்டைவிரல் அழுத்திய தடம் வரிசையாக, ஒரே இடைவெளியில், சுட்ட பிறகும் அப்படியே இருக்கிறது. கழுத்து மணிகளின் மேல் வேறு தடங்கள். அவை இன்னும் சின்ன விரல்.

அப்புறம் அட்டையைப் பார்த்தேன். சிற்பத்துக்கும் ஓவியங்களுக்கும் கலைஞர் பெயர், செய்த ஆண்டு, எதில் செய்தது, அளவு, விலை எல்லாம் இருக்கிறது. குதிரைக்கு மட்டும் ‘சுடுமண் குதிரை, பாரம்பரியக் கலை, வில்லியனூர்’ என்று மூன்று வரி. பொம்மைகளுக்கும் கிரீடத்துக்கும் அதே கதைதான். பொறுப்பாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், மரியாதையாகவே பேசினார். “பாரம்பரிய வேலைக்குப் பெயர் போடும் வழக்கமில்லை சார்” என்றார்.

இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டு ஒருவருக்குப் பெயரும் இன்னொருவருக்கு ஊரும் மட்டும் எழுதினால், அது ஒரே கண்காட்சிதானா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


கெடிலக்கரை
மே 9, இரவு 9.15

நேற்றுத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன் சார். நல்ல இடம். மில்லின் உயரக் கூரையால் உள்ளே வெக்கை தெரியவில்லை. சின்னவள் கூத்துக் கிரீடத்தை விட்டு நகரவே இல்லை, கண்ணாடித் துண்டுகளில் தன் முகத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். அட்டையை நான் கவனிக்கவே இல்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன், யார் செய்தது என்று அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று.


நிறக்குழம்பு
மே 10, காலை 7.05

அந்தக் கண்காட்சியில் என்னுடைய இரண்டு ஓவியங்கள் தொங்குகின்றன. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவள். நடந்தது என்னவென்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்களுக்கு மார்ச் மாதமே ஒரு படிவம் வந்தது. பெயர், படிப்பு, முன்பு கலந்துகொண்ட கண்காட்சிகள், விலை எல்லாவற்றையும் நாங்களே நிரப்பி அனுப்பினோம். அதைப் பார்த்துத்தான் எங்கள் அட்டையை அச்சடித்தார்கள். குதிரையும் பொம்மைகளும் அப்படி வரவில்லை. ஒரு வண்டியில் போய் வாங்கி வந்தார்கள். வாங்கும் இடத்தில் படிவம் யார் கொடுக்கிறார்கள்? அதனால் யாரும் வேண்டுமென்று மறைத்ததாக நான் நினைக்கவில்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு வலிப்பதே அந்த ‘தோன்றவில்லை’தான்.

நான் வரைவதும் அவர் வனைவதும் வேறு வேறு ஜாதி வேலை என்று நாங்கள் படித்தபோது யாரும் சொல்லித்தரவில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது அவர்களைக் காப்பாற்றியது என்ன? பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் நவீன ஓவியம் வளர்ந்தது. கைவினையின் தோளில் ஏறி நின்ற கலை நாங்கள். அந்தத் தோளுக்கு உரியவர் பெயரை எழுதாமல் விடலாமா?


நடுநாட்டான்
மே 10, காலை 10.30

தூரிகை ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் மாறுபடுகிறேன்.

ஐயனார் குதிரை விற்பனைச் சரக்கு இல்லை. நேர்த்திக்கடன். பிள்ளை பிறந்தால், மழை பெய்தால், நோய் தீர்ந்தால் ஊர் கொண்டுபோய் வைப்பது. செய்தவரும் பெயர் எழுதுவதில்லை, கொடுத்தவரும் பெரும்பாலும் எழுதுவதில்லை. அது சாமிக்குப் போய்விட்டது. வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணோடு போவதுதான் அதன் முடிவு. அதன் கழுத்தில் ஒருவர் பெயரைத் தொங்கவிட்டால், அதை ஓவியர் கையெழுத்துப் போட்ட படம் மாதிரி ஆக்கிவிடுகிறோம். மரபு என்பதே பல தலைமுறைக் கைகளின் வேலை. ஒரு ஆள் பெயரைப் போட்டு அதைச் சுருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வில்லியனூர் என்று ஊர்ப் பெயர் இருப்பதே சரியான மரியாதை. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஊர்ப் பெயரில்தான்.


சூளைப்புகை
மே 10, இரவு 11.50

நான் அந்தக் குதிரை செய்தவரின் மகன்.

தங்கை இந்த இழையை அனுப்பினாள். நாள் முழுக்கச் சூளை வேலை, இப்போதுதான் படிக்க முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குதிரையைப் பற்றி. பெரிய குதிரையைச் சக்கரத்தில் செய்ய முடியாது. ஏரி வண்டலோடு மணலும் உமியும் கலந்து, காலால் மிதித்து மிதித்துப் பதம் வரவைப்போம். உமி எதற்கு என்றால், சூளையில் அது எரிந்து போய் மண்ணுக்குள் சின்னச் சின்னத் துவாரம் விடும். அதன் வழியாக ஆவி வெளியேறும். இல்லையென்றால் வெடிக்கும். முதலில் நாலு காலும் நிற்கும். அவை கொஞ்சம் இறுகினால்தான் வயிறு வைக்கலாம். வயிறு இறுகினால்தான் கழுத்து. அவசரப்பட்டால் காலே உட்கார்ந்துவிடும். உள்ளே ஒரு கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மட்டையால் தட்டித் தட்டித்தான் சுவரை ஒரே கனமாகக் கொண்டுவருவது. குதிரை முழுக்க உள்ளே கூடு. வயிற்றுக்கு அடியில் ஒரு துளை இருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும். அந்தக் குதிரை வளர்ந்து காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சுட்டது ஒரு ராத்திரி. வைக்கோல், வரட்டி, விறகு, மேலே மண் பூச்சு.

நடுநாட்டான் அண்ணன் சொன்னதில் பாதி சரி. நாங்கள் பெயர் எழுதுவதில்லை. ஏன் எழுதுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள் அண்ணா. கோயிலில் குதிரைக்குக் கண் திறக்கும் அன்று எங்கள் அப்பாவைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேட்டி துண்டு கொடுப்பார்கள். மேளம் முன்னால் போகும், அவர் பின்னால் போவார். நாற்பது வருடம் கழித்தும் அந்த ஊர்க் கிழவி ஒருத்தி, “இது உங்க தாத்தா வச்ச குதிரை” என்று என்னிடம் காட்டினாள். ஊரில் பெயர் எழுதத் தேவையே இல்லை, எல்லோருக்கும் தெரியும். மில்லில் வைத்த பிறகு யாருக்குத் தெரியும்? புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்தக் கிழவியா வந்து சொல்லப்போகிறாள்? கோயிலை விட்டு எடுத்து வந்தால் கோயில் கொடுத்த மரியாதைக்குப் பதிலாக ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா?

ஊர்ப் பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் எங்களுக்குப் பெருமை. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதுப் பட்டியலில் ‘வில்லியனூர்’ என்று மட்டுமா எழுதினார்கள்? அவர் பெயரைத்தானே எழுதினார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் நிமிர்ந்து நடந்தோம்.

திறப்பு விழாவுக்கு ஏன் வரவில்லை என்று யாராவது கேட்கலாம். கோடைதான் எங்களுக்கு வேலைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் மண் காயாது. வெயில் இருக்கும்போதே வனைந்து காயவைத்துச் சுட்டுக்கொள்ள வேண்டும். பண்ருட்டி பொம்மைக்காரர்களுக்கும் அப்படித்தான், நவராத்திரிக் கொலு பொம்மையெல்லாம் இந்த வெயிலில் காய்வதுதான். பார்க்க வருகிறவர்களுக்கு அது விடுமுறை. எங்களால் ஒரு சாயங்காலம் கூட எடுக்க முடியாது.


தூரிகை
மே 11, காலை 6.20

தம்பி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அந்தக் கட்டைவிரல் தடத்தைத் தொட்டுப் பார்த்தவன் நான். அது யாருடைய விரல் என்று இப்போது தெரிந்துவிட்டது. நன்றி.


தில்லைக்காரி
மே 11, காலை 9.40

மரபில் பெயர் எழுதுவதில்லை என்பது முழு உண்மை இல்லை. நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

சிதம்பரம் வடக்குக் கோபுரத்துக்குள் அதைக் கட்டிய ஸ்தபதிகளின் உருவங்களே செதுக்கியிருக்கின்றன, பக்கத்தில் பெயரோடு. விருத்தகிரி சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி. விருத்தகிரி என்றால் நம் விருத்தாசலம்தான். கிருஷ்ணதேவராயர் காலத்தில் முடிந்த கோபுரம் அது. ராயர் சிலையும் அங்கேயே இருக்கிறது. ராஜாவுக்கு இருக்கும் அதே கோபுரத்தில் ஆசாரிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் வருகிறது.

புதுச்சேரிப் பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டையும் மறந்துவிடக் கூடாது. 1945இல் தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டியபோது இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த சிவப்புக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றில் செய்தவர் முத்திரை குத்தியிருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்த ஒரு குயவர் பெயர் அரியாங்குப்பம் ஆற்றங்கரை மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வில்லியனூர்க் குயவர் பெயருக்கு ஒரு அட்டையில் இடமில்லை என்றால் எப்படி?


கோர்ட்டுத்தெரு
மே 11, பகல் 1.10

வக்கீலாக ஒரு வார்த்தை. புவிசார் குறியீடு என்பது வேறு, செய்தவர் உரிமை என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீடுகள் சட்டம் ஊர்ப் பெயரை வெளியாள் திருடாமல் காப்பதற்கு. அதிலேயே அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனித்தனி ஆட்கள் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. தம்பி குடும்பம் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘கலைப் படைப்பு’ என்பதற்குள் ஓவியம், சிற்பத்தோடு கலைநயமுள்ள கைவினையும் சேரும். பிரிவு 57 படி, உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை செய்தவரிடமே இருக்கும். அமர்நாத் சேகல் என்ற சிற்பி டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்ததை எதிர்த்து வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். குதிரை விஷயத்தில் நீதிமன்றம் வரை போகத் தேவையே இல்லை. பேசினாலே முடிந்துவிடும்.


ஜமாபந்தி
மே 11, மாலை 4.30

நவீன ஓவியம் என்று பாதிச் சுவரை வீணாக்கியிருக்கிறார்கள். சாம்பல் கலரைப் பூசிவிட்டு 45,000 ரூபாய். குதிரைக்கு விலையே போடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்ததே தப்பு.


நிறக்குழம்பு
மே 11, மாலை 6.15

அந்தச் சாம்பல் நிற ஓவியம் என்னுடையது ஐயா. அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்ன வரைந்தேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு எங்கள் சித்தப்பா வீடு இருந்த இடத்தில் வெறும் தரைதான் மிச்சம். சிமெண்டுத் தரை, அதில் கோலம் போட்ட சிவப்புக் காவி கொஞ்சம். கிட்டப் போய்ப் பார்த்தால் இடது மூலையில் அந்தக் காவி தெரியும். நான் பார்த்தது அந்தச் சாம்பலைத்தான்.

சேர்த்து வைத்தது தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருக்கனூர் காகிதக்கூழ் வேலை பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே வந்தது. காகிதத்தை ஊறவைத்து இடித்து, சாக்பீஸ் தூளும் அரிசி மாவும் மயில்துத்தமும் சேர்த்துப் பிசைந்து, இன்று நம் ஊர்ப் பிள்ளையாரையும் தலையாட்டி பொம்மையையும் செய்கிறார்கள். வந்த நாளில் அதுவும் புது வேலைதான். இன்று அதைப் பாரம்பரியம் என்கிறோம். 1971இல் புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர் இன்று நாடு முழுக்கப் பெயர் சொல்லி விற்கிறார்கள். அவர்கள் பிசைவதும் மண்தான். சூளைச் சூடுதான் வேறு, அவர்களுடையது 1,300 டிகிரி பக்கம் போகும். அந்த வேலைக்குக் கையெழுத்து இருந்தால் இந்த வேலைக்கும் இருக்கட்டும்.

விலை விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம். குதிரைக்கும் விலை எழுத வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் அதைச் செய்தவர்.


கூத்துப்பட்டறை வாசல்
மே 12, இரவு 1.20

கூத்து முடிந்து இப்போதுதான் வந்தேன். அந்தக் கிரீடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எங்கள் ஜமாவுடையது, அதாவது எங்கள் கூத்துக் குழுவுடையது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது, எடை குறைவான மரம் என்பதால்தான் விடிய விடியத் தலையில் தாங்க முடிகிறது. எங்கள் வாத்தியார் அதைக் கட்டிக்கொண்டு துரியோதனன் ஆடினார். உள்பக்கம் துணி சுற்றியிருக்கும் இடம் கறுத்திருக்கும், அது அவர் வேர்வை. கண்ணாடிப் பெட்டிக்குள் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. பின்பக்கத்தையும் பார்க்கிற மாதிரி வைத்தால் நன்றாக இருக்கும். செதுக்கியவர் பெயரும் ஆடியவர் பெயரும் சொல்கிறேன், யாரிடம் கொடுக்க வேண்டும்?


தூரிகை
மே 12, காலை 7.00

என்னிடம் கொடுங்கள் தம்பி. நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.


நெய்வேலி அக்கா
மே 12, காலை 11.25

நான் வாங்குகிறவள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். போன வருடம் ஒரு சின்னச் சுடுமண் யானை வாங்கினேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினீர்கள் என்றார்கள். யாரிடம் என்று எனக்கே தெரியாது. பெயரும் போன் நம்பரும் ஒரு துண்டுச் சீட்டில் இருந்திருந்தால் ஐந்து பேராவது நேரே அவரிடம் போயிருப்பார்கள். பெயர் என்பது மரியாதை மட்டும் இல்லை, அடுத்த மாதச் சோறும்கூட.


நடுநாட்டான்
மே 12, பகல் 12.40

சூளைப்புகை தம்பி, கண் திறக்கும் நாளைப் பற்றி நீங்கள் எழுதியதை நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் இல்லாத மரபு என்று நான் நினைத்தது தவறு. பெயர் காதில் இருந்திருக்கிறது, எழுத்தில் இல்லை. கோயில் திடலில் இருக்கும் குதிரைக்கு அட்டை வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. கூடத்தில் வைத்தால் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.


தூரிகை
மே 13, இரவு 9.05

இன்று சாயங்காலம் பொறுப்பாளரைப் பார்த்தேன். இந்த இழை முழுவதையும் அவர் என் முன்னாலேயே உட்கார்ந்து படித்தார். படித்து முடித்ததும் “நாங்கள் கேட்டிருக்க வேண்டும் சார்” என்றார். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. எல்லாப் பொருளுக்கும் புது அட்டை எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார். அச்சகத்தில் ஒரு வாரம் ஆகும் என்பதால், அதுவரை கையால் எழுதி வைக்கலாம் என்று சொன்னேன். எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன், கறுப்பு மசியும் பட்டைத் தூரிகையும் வீட்டில் இருக்கின்றன. கிரீடத்தைச் சுவரிலிருந்து எடுத்து, நான்கு பக்கமும் பார்க்கிற மாதிரி நடுவில் ஒரு மேஜைமேல் வைக்கிறார்கள். பண்ருட்டிக்கும் திருக்கனூருக்கும் நாளைக்குப் போன் பேசிப் பெயர் கேட்கிறார்கள்.

சூளைப்புகை தம்பி, அப்பாவின் பெயர், குதிரை செய்த மாதம், மண் எந்த ஏரி, விலை, இவ்வளவும் வேண்டும். தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது அவரை ஒரு மணி நேரம் அழைத்துவர முடியுமா? வண்டி நான் அனுப்புகிறேன்.


சூளைப்புகை
மே 14, காலை 5.30

விவரம் அனுப்பிவிட்டேன் ஐயா. நேற்று ராத்திரி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “கழுத்து மணியெல்லாம் உங்க அம்மா வச்சது, அதையும் எழுதச் சொல்லு” என்றார்.

நீங்கள் முதல் பதிவில் சின்ன விரல் தடம் என்று எழுதியிருந்தீர்களே, அது அம்மாவுடையது. மண் மிதிப்பதும் அம்மாதான். இத்தனை வருடமாக நானே அதைச் சொன்னதில்லை.

ஞாயிறு சூளை பிரிக்கிறோம். நாலு மணிக்கு மேல் இரண்டு பேரையும் அழைத்து வருகிறேன்.


தூரிகை
மே 14, காலை 6.10

இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுகிறேன் தம்பி. அம்மாவின் பெயரை எப்படி எழுத வேண்டும், முதலெழுத்தோடு சரியாக அனுப்புங்கள்.